இயந்திரங்களுக்கு நடந்த தெரிவுப் போட்டி

பாடசாலை அணிகளுக்குப் பிள்ளைகளைத் தெரிவுசெய்யும் செஸ் பயிற்றுநர்களான எங்களிடையே ஓயாத வாதம் ஒன்று உண்டு: திறமான ஆட்டக்காரர் அணிக்குள் வந்துவிட்டால், தெரிவு எப்படி நடந்தால்தான் என்ன? திறமானவர் யார் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் தெரிவே வேண்டியதில்லையே என்பது என் பதில். எந்தப் பிள்ளையின் பெயரையும் இழுக்காமல் இதை விளக்க, 2001இல் கணினி நிரல்களுக்கு நடந்த தெரிவொன்று நல்ல சான்று.

2000ஆம் ஆண்டு லண்டனில் உலகச் சாம்பியன் கஸ்பரோவைத் தோற்கடித்துப் பட்டம் வென்ற விளாடிமிர் கிராம்னிக்குடன் மோத ஒரு நிரல் வேண்டியிருந்தது. ஏற்பாட்டாளர்களான பிரெய்ன்கேம்ஸ் நிறுவனத்தார் எல்லாருக்கும் கதவைத் திறக்கவில்லை. ஃப்ரிட்ஸ், ஜூனியர், ஷ்ரெடர் ஆகிய மூன்றுக்கே அழைப்புப் போனது. அப்போது நுண்கணினி உலகச் சாம்பியனாக இருந்த ஷ்ரெடர் கலந்துகொள்ள மறுத்தது. மிஞ்சிய இரண்டும் ஹம்பேர்க்கிலுள்ள செஸ்பேஸ் என்ற ஒரே நிறுவனம் விற்ற நிரல்கள். அவை 2001 ஏப்ரலில் ஸ்பெயினின் கடகேஸ் ஊரில் மோதின. முதல் ஐந்து ஆட்டங்களையும் ஜூனியர் வென்றது. பிறகு ஃப்ரிட்ஸ் எழுந்து வந்து, 24 ஆட்ட முடிவில் 12–12 என்று சமன் செய்து, மேலதிக ஆட்டங்கள் இரண்டையும் வென்றது. பார்ப்பதற்கு விறுவிறுப்புத்தான். ஆனால் ஏறத்தாழச் சமபலமுள்ள இரு நிரல்கள் 24 ஆட்டம் ஆடினால், ஒன்றிரண்டு புள்ளி அங்குமிங்கும் போவது வெறும் தற்செயலாலேயே நேரும். ஃப்ரிட்ஸ்தான் பலமானது என்று அந்த முடிவை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

தனியார் நிறுவனம் தன் காசில் நடத்தும் போட்டிக்குத் தான் விரும்பியவரை அழைப்பதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். காட்சி ஆட்டமென்றால் குற்றமில்லை. மனித குலத்தின் சார்பில் உலகச் சாம்பியன், இயந்திரங்களின் சார்பில் ஒன்று என்று விளம்பரம் செய்த பிறகு, அந்த ஒன்றைத் தெரிவுசெய்த விதத்துக்குக் கணக்குச் சொல்லத்தான் வேண்டும். ஷ்ரெடர் தானாக விலகியதே என்பது அடுத்த வாதம். அதுவும் முழு விடையல்ல. அழைக்கப்படாத நிரல்கள் விலகவில்லை, அவற்றுக்கு வாய்ப்பே கிட்டவில்லை. எங்கள் மட்டக்களப்பு வாவிக்கரையிலும் இதே கதைதான். தெரிவு அறிவித்தல் வாவியின் கிழக்கே எழுவான்கரைப் பாடசாலைகளுக்கு மாத்திரம் நேரத்தோடு கிடைத்து, மேற்குக் கரையின் மண்டூர்ப் பிள்ளை, பாதை என்னும் படகேறி எழுவான்கரைக் குருமண்வெளிக்கு வந்துசேரும்போது முதற்சுற்று முடிந்திருந்தால், அங்கே வென்றவரை மாவட்டத்தின் முதல்வர் என்று எப்படிச் சொல்வது?

இவற்றைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. நிரலை நிரல் வெல்வது வேறு, மனிதரை வெல்வது வேறு. 1998இல் எங்கள் விஸ்வநாதன் ஆனந்தை ரெபெல் நிரல் 5–3 என்று வென்றது. ஆனால் நீண்ட நேர ஆட்டங்கள் இரண்டில் மாத்திரம் ஆனந்த் 1½–½ என முன்னிலை பெற்றார். நேரக் கட்டுப்பாடு மாறினாலே பலம் மாறுகிறது, எதிராளி மாறினால் கேட்கவா வேண்டும்? இந்த ஆட்சேபத்தை நான் முழுதாக ஏற்கிறேன். அதனாலேயே கடகேஸ் தெரிவு எனக்கு இன்னும் பலவீனமாகப் படுகிறது. மனிதரோடு ஆடிய பெறுபேறுகள் அப்போதே கையில் இருந்தன. 2000ஆம் ஆண்டு டோர்ட்முண்டில் ஜூனியர், கிராம்னிக்கிடமே தோற்றாலும், கிராண்ட்மாஸ்டர்கள் நடுவில் ஒன்பதுக்கு 4½ புள்ளி எடுத்திருந்தது. அந்தத் தோல்வி அதற்கு எதிராகவும் எண்ணப்பட்டிருக்கலாம், பாதகமில்லை. எதை எப்படி எண்ணுவது என்ற விதியை, பெயர்களைத் தீர்மானிக்கும் முன்பே எழுதி வெளியிட்டிருக்க வேண்டும்.

கிராம்னிக்குடனான போட்டியும் தள்ளிப்போய் 2002 ஒக்டோபரில்தான் பஹ்ரைனில் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் மாஸ்ட்ரிக்டில் 2001இலும் 2002இலும் நடந்த உலகக் கணினிப் பட்டப் போட்டிகள் இரண்டையும் ஜூனியர் வென்றது. ஒன்றரை வருடப் பழைய தெரிவு அப்படியே நின்றது. ஃப்ரிட்ஸ் 4–4 எனச் சமன் செய்ததால் தெரிவு சரியென்று நிரூபணமாயிற்று என்பார் உண்டு. அடுத்த ஆண்டு நியூயோர்க்கில் ஜூனியரும் கஸ்பரோவுடன் 3–3 எனச் சமன் செய்ததே! ஃப்ரிட்ஸ் தகுதியற்ற நிரல் அல்ல; அதை அனுப்பிய முறைதான் பிழையானது.