உப்பு தின்ற வேன்

அணைக்கட்டு வட்டாரத்தில் முள்ளுக் கத்திரி போடும் விவசாயி ஒருவர், பழைய டீசல் வேன் வாங்குவதென்று 2025 சித்திரையில் முடிவெடுத்தார். காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, இலவம்பாடிக் கத்திரி என்றால் கேட்டு வாங்குகிறார்கள். ஆனால் வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கு விடியுமுன் போய்ச் சேர்ந்தால்தான் அந்தப் பெயருக்கு விலை. வாடகை வண்டிக்காரர் வழியெல்லாம் நாலு பேர் மூட்டையை ஏற்றிக்கொண்டு வருவதற்குள் நல்ல விலை போய்விடும். மனைவியின் நகையைக் கூட்டுறவு வங்கியில் வைத்து 2 லட்சம் புரட்டினார். மகள் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த நகை அது.

ஆம்பூரில் ஒரு புரோக்கர் குட்டியானை ஒன்றைக் காட்டினார். 2014 ஆகஸ்ட் பதிவு, வேலூர் நம்பர். புது பெயின்ட், தொட்டியில் புதுத் தகடு, டயரும் பரவாயில்லை. "எஃப்.சி. இன்னும் எட்டு மாசம் கீது. எடுத்துனு போய் நாளைக்கே லோடு ஏத்தலாம்" என்றார். விவசாயிக்கு வண்டி பிடித்துவிட்டது. அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கைவிட்டபோது, கூட வந்திருந்த மச்சான் தடுத்தார். அவர் குடியாத்தத்தில் மெக்கானிக்.

"இருங்க மாமா. இப்ப இருக்கிற எஃப்.சி. வேணாம். பழைய எஃப்.சி. எல்லாத்தையும் காட்டச் சொல்லுங்க."

இதைத்தான் பலர் கேட்பதில்லை. எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் எஃப்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று எதுவரை செல்லும், கடன் பதிவு இருக்கிறதா என்று வந்துவிடும். உரிமையாளர் பெயரில் பாதி எழுத்து நட்சத்திரக் குறியாக இருக்கும்; ஆர்.சி.யோடு ஒப்பிட அது போதும். ஆனால் செயலி காட்டுவது இன்றைய நிலவரம். முன்பு எந்தெந்தத் தேதியில் வண்டியைக் காட்டினார்கள், நடுவில் எத்தனை நாள் காட்டாமலே ஓட்டினார்கள் என்பதற்கு, உரிமையாளர் கையில் இருக்கும் பழைய சான்றுகளைத்தான் புரட்ட வேண்டும். ஒழுங்காக வண்டி வைத்திருந்தவர் அதையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருப்பார். 'தொலைந்துவிட்டது' என்பவரிடம் கொஞ்சம் நிதானமாகப் பேசுவது நல்லது.

இந்த வண்டிக்குக் கவர் இருந்தது. மச்சான் திண்ணையில் உட்கார்ந்து தேதிகளை விரல்விட்டு எண்ணினார். சரக்கு வண்டி புதிதாக வாங்கினால் முதல் 2 வருடத்துக்கு எஃப்.சி. உண்டு. அதன்பின் 8 வருடம் ஆகும்வரை 2 வருடத்துக்கு ஒருமுறை, 8 தாண்டினால் வருடா வருடம். இது 2018 நவம்பரில் வந்த விதி. அதற்கு முன் முதல் 2 வருடம் கழிந்தாலே வருடா வருடம்தான். கணக்குப்படி 2016, 2017, 2018, 2019 எல்லாம் சரியாக இருந்தன. 2019-ல் எடுத்தது 2021 ஆகஸ்டில் முடிகிறது. அடுத்த சான்றோ 2023 டிசம்பர்!

"அது கொரோனாலப்பா" என்றார் புரோக்கர்.

கொரோனாவில் சலுகை கொடுத்தது உண்மைதான். 2020 பிப்ரவரியிலிருந்து காலாவதியான வண்டிப் பத்திரங்களை மத்திய அரசு தவணை தவணையாக நீட்டித்தது. கடைசி நீட்டிப்பு 2021 அக்டோபர் 31 வரை. ஆகவே அந்தக் காலத்து இடைவெளியைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் இங்கே அதற்குப் பிறகும் 2 வருடத்துக்கு மேல் கணக்கில் வரவில்லை. எஃப்.சி. இல்லாத சரக்கு வண்டியைச் சட்டம் பதிவான வண்டியாகவே கருதாது. ரோட்டில் பிடித்தால் அபராதம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கப் பார்க்கும். அப்படியானால் அந்த 2 வருடம் வண்டி எங்கே இருந்தது?

புரோக்கர் மழுப்பினார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார். தோல் கிடங்குக்கும் டேனரிக்கும் நடுவே தோல் அடித்த வண்டி அது. உள்தெருக்களிலேயே ஓடியதால் யாரும் நிறுத்திக் கேட்கவில்லை.

மச்சான் உடனே சட்டையைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தார்.

பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டுத்தான் டேனரிக்கு வரும். உப்பு தோலின் ஈரத்தை இழுத்து நீராக இறங்கும். அந்த நீர் தொட்டித் தகட்டின் இணைப்புகள் வழியே சொட்டி சேஸ், குறுக்குச் சட்டம், பட்டை, பிரேக் பைப் எல்லாவற்றிலும் படியும். மழையில் நனைந்த இரும்பு வெயில் அடித்தால் காய்ந்துவிடும். உப்பு படிந்த இரும்பு காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், ராத்திரியிலும் துருப்பிடித்துக்கொண்டே இருக்கும். உப்பு என்ன செய்யும் என்று பாலாற்றங்கரை விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டேனரிக் கழிவுநீர் கிணற்றையும் நிலத்தையும் கெடுத்த வழக்கில்தான் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே பணம் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நிலத்தைத் தின்ற அதே உப்புதான் வண்டியையும் தின்னும். வண்டிக்கு மட்டும் மேலே பெயின்ட் அடித்து மறைத்துவிடலாம்.

அடிப்பக்கம் கறுப்புப் பெயின்ட் பளபளத்தது. மச்சான் ஸ்குரூ டிரைவர் பிடியால் சேஸைத் தட்டிக்கொண்டே போனார். 'டங்' என்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம், பின் சக்கரத்துக்கு மேலே 'பொத்' என்று அடங்கியது. முனையை வைத்து அழுத்தினார். பெயின்டோடு செதில் செதிலாகத் துரு உதிர்ந்து, முனை உள்ளே இறங்கியது. இரண்டு குறுக்குச் சட்டங்களில் தகடு வைத்து ஒட்டுப்போட்டிருந்தார்கள். கத்திரி மூட்டையும் ஆட்களுமாக மேட்டில் ஏறும்போது அது விட்டிருந்தால்?

"இதுக்கு எப்படி மாப்ள எஃப்.சி. கிடைச்சுது?" என்றார் விவசாயி.

அன்றைக்கு பிரேக் பிடித்திருக்கும், விளக்கு எரிந்திருக்கும், பின்னால் ஒளிரும் பட்டை ஒட்டியிருப்பார்கள், துருவின் மேல் புதுப் பெயின்ட் இருந்திருக்கும். எஃப்.சி.க்கு முன் டிங்கர் வேலை, பெயின்ட் வேலை பார்ப்பது ஊரறிந்ததுதானே. காட்டிய நாளில் வண்டி எப்படி நின்றது என்பதைத்தான் அந்தச் சான்று சொல்லும்.

அட்வான்ஸ் பணம் பையிலேயே இருந்தது. புரோக்கர் விடவில்லை, ஷூ கம்பெனிக்கு ஆள் ஏற்றிய வேன் ஒன்றை இன்னும் மலிவாகத் தருவதாகச் சொன்னார். சீட்டைக் கழற்றிவிட்டு மூட்டை போடலாமாம். ஆர்.சி.யில் பயணிகள் வண்டி என்றிருப்பதில் சரக்கு ஏற்றினால் பர்மிட்டும் இன்சூரன்ஸும் பொருந்தாது. அந்தப் பேச்சை அத்தோடு விட்டார்கள்.

கடைசியில் குடியாத்தத்தில் மளிகைக்காரர் ஒருவரின் வண்டி அமைந்தது. பார்வைக்கு சுமார்தான், ஒரு பக்கம் முழுக்கச் சப்பை. ஆனால் எஃப்.சி. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை, அடியில் இருந்ததும் சாதாரண மேல்துரு. சேஸ் நம்பரின் மேல் காகிதம் வைத்து பென்சிலால் தேய்த்து ஆர்.சி.யோடு ஒப்பிட்டார்கள். காலையில் எஞ்சின் சில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள்; நீலப் புகை இல்லை, ஆயில் எரியவில்லை. பாக்கி அபராதம் இருக்கிறதா என்று இ-சலான் தளத்தில் பார்த்தார்கள். ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. ஃபைனான்ஸ் கடன் அடைந்து வருடங்களாகியும் ஆர்.சி.யில் அந்தக் கம்பெனி பெயர் நீங்கவில்லை. அவர்களிடம் தடையின்மைக் கடிதமும் கையெழுத்துப் போட்ட படிவம் 35-ம் வாங்கித் தரும்வரை விவசாயி காத்திருந்தார். பதினெட்டு நாள் ஆனது.

பெயர் மாற்றத்தை மட்டும் மளிகைக்காரர் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்றார். அப்படி விட்டால் மாட்டிக்கொள்வது விற்றவர்தான் என்று மச்சான் விளக்கினார். 2007-ல் விற்ற ஒரு கார், பெயர் மாறாமலே பல கை மாறி 2009-ல் விபத்தில் சிக்கியது. நஷ்டஈடு பதிவில் பெயர் உள்ள முதல் ஆள் தலையில்தான் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதைக் கேட்டதும் மளிகைக்காரர் அன்றைக்கே படிவம் 29-லும் 30-லும் கையெழுத்துப் போட்டார். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விவசாயி எழுதிக் கொடுத்தார்.

பேசிய விலையில் 10,000 ரூபாயை மட்டும் அவர் கையிலேயே வைத்திருந்தார். புது ஆர்.சி. தபாலில் வந்து, பெயரை மனைவி எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்த பிறகுதான் குடியாத்தம் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.