மின்னால் பகுப்பது

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவள் நான். ஐந்தாம் படிவத்தில் ஒருநாள், அடர்ந்த உப்புக் கரைசலில் இரண்டு கார்பன் தண்டுகளை நிறுத்தி மின்சாரம் செலுத்தினோம். இரண்டிலும் குமிழிகள் எழுந்தன. நேர்முனையில் குளோரின், எதிர்முனையில் ஹைட்ரஜன், கரைசலில் உருவானது சோடியம் ஹைட்ராக்சைடு.

"இன்னிக்கு என்னம்மா படிச்சே?" என்று அம்மா கேட்டார்.

"எலெக்ட்ரோலிசிஸ்."

"அப்படின்னா?"

மலாயில் விடை தெரிந்த எனக்குத் தமிழில் சொல் வரவில்லை. "உங்களுக்குப் புரியாதும்மா" என்று நழுவினேன். அம்மா அதன்பின் எதுவும் கேட்கவில்லை. அது வெகுநாள் உறுத்தியது.

பல்கலைக்கழகம் வந்தபின் ஒரு தமிழ் அறிவியல் நூலில் 'மின்னாற்பகுப்பு' என்ற சொல்லைக் கண்டேன். மின்னால் பகுப்பது! 1834இல் மைக்கேல் ஃபாரடே கிரேக்க வேர்களிலிருந்து வழங்கிய பெயருக்கும் ஏறத்தாழ இதே பொருள்தான்.

விடுமுறையில் ஜொகூர் திரும்பியதும் அம்மாவிடம் விளக்கினேன். உப்பு என்பது சோடியமும் குளோரினும் சேர்ந்தது. நீரில் கரைந்ததும் இரண்டும் மின்னூட்டமுள்ள துகள்களாகப் பிரிந்து நிற்கும். மின்சாரம் பாய்ந்தால் குளோரின் நேர்முனைக்குச் சென்று வாயுவாகும். நம் பாசிர் கூடாங் தொழிற்பேட்டையிலும் இம்முறையில் குளோரின் தயாரித்திருக்கிறார்கள். குழாய்நீரிலுள்ள கிருமிகளைக் கொல்வது குளோரின்.

"அப்போ உப்புலேருந்து வர்றதுதான் நாம குடிக்கிற தண்ணியைச் சுத்தம் பண்ணுதா?" என்றார் அம்மா வியப்போடு.

அவருக்குப் புரிந்தது. எனக்கும் அன்றுதான் முழுதாகப் புரிந்தது. நண்பர்களே, நீங்கள் படிப்பதையும் வீட்டில் தமிழில் சொல்லிப் பாருங்கள்.