கதவுக் கீலுக்கு எண்ணெய்

கூரியர் ஆபீஸில் இருந்த பையன் பொட்டலத்தைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்தான்.

"உள்ளே என்ன சார்?"

"எண்ணெய்."

"நல்லெண்ணெயா, தேங்காயெண்ணெயா?"

"இரண்டும் இல்லை. மோட்டார் சைக்கிளிலிருந்து இறக்கிய பழைய எண்ணெய்."

அவன் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தான். ஊரில் குப்பையில் கொட்டுகிற சரக்கை இரண்டு உறை போட்டு, டேப் ஒட்டி, கைக்காசு கொடுத்துச் சென்னைக்கு அனுப்புகிற ஆசாமியை அவன் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டான். அவனிடம் விவரம் சொல்ல எனக்கு அவகாசம் இல்லை. பின்னால் நாலு பேர் நின்றார்கள். உங்களிடம் சொல்லலாம்.

என் தகப்பனார் 1986-ல் ஒரு புல்லட் வாங்கினார். திருவொற்றியூர் தொழிற்சாலையில் செய்த 350 சி.சி. வண்டி. பொதுப்பணித் துறையில் ஓவர்சீயராக இருந்தவர், கொள்ளிடக் கரையிலும் வாய்க்கால் வரப்புகளிலும் அந்த வண்டியிலேயே காலம் தள்ளினார். 2011-ல் அவர் காலமானபோது சொத்து என்று பிரித்துக்கொள்ள அதிகம் இல்லை. அண்ணா வீட்டை எடுத்துக்கொண்டான். நான் வண்டியை எடுத்துக்கொண்டேன். என் மனைவி இன்றைக்கும் இதை ஒரு பாகப்பிரிவினையாக ஒப்புக்கொள்ளவில்லை.

வண்டியோடு சேர்ந்து எனக்கு இன்னொரு பிதுரார்ஜிதமும் வந்தது. திருச்சி பாலக்கரையில் ஒரு சந்துக்குள் பட்டறை வைத்திருக்கும் பாய்தான் அது. அப்பா காலத்திலிருந்து அந்த எஞ்சினில் வேறு யார் கையும் பட்டதில்லை. பெரிய ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அரை நிமிஷம் கழித்துத் திறந்து, "ஒண்ணும் இல்லை தம்பி, ஓட்டுங்க" என்பார். அல்லது, "விட்டுட்டுப் போங்க" என்பார். இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் பல வருஷங்கள் போய்விட்டன. பில் என்று ஒன்று அவர் எழுதிக் கொடுத்ததில்லை. ஒரு தொகையை வாயால் சொல்லுவார், நான் கொடுத்துவிடுவேன்.

போன மார்கழியில் எஞ்சினுக்குள் ஒரு சத்தம் கேட்டது. டொக், டொக் என்று, யாரோ சாத்திய கதவை மரியாதையோடு தட்டுவதுபோல. பாய் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்தார். "டாப்பெட்தான். ஒண்ணும் இல்லை, ஓட்டுங்க" என்றார். நானும் ஓட்டினேன். ஆனால், நாற்பத்தைந்து வயதுக்குமேல் யாராவது "ஒன்றும் இல்லை" என்று சொன்னால் மனசு கேட்கிறதா? வைத்தியர் சொன்னாலே கேட்பதில்லை.

அந்தச் சமயத்தில் என் தமக்கை மகன் வீட்டுக்கு வந்திருந்தான். நாமக்கல்லில் ஒரு லாரிக் கம்பெனியில் வேலை. "மாமா, எஞ்சினைப் பிரிக்கவும் வேண்டாம், காதை வைக்கவும் வேண்டாம். எண்ணெயில் நூறு மில்லி அனுப்புங்கள். எது தேய்கிறது என்று தாளில் எழுதி வந்துவிடும். எங்கள் லாரிகளுக்கெல்லாம் அப்படித்தான்" என்றான்.

கேட்கும்போது ஜோசியம்போல இருந்தது. விசாரித்தால் சங்கதி வேறு. அடுப்பில் சாம்பார் பொங்கி வழிந்தால் நீல ஜ்வாலை மஞ்சளாகிறதே, அது உப்பில் உள்ள சோடியத்தின் வேலை. தீபாவளி மத்தாப்பில் சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்குப் பேரியம். ஒவ்வொரு உலோகத்துக்கும் எரியும்போது தனக்கென்று ஒளி உண்டு. அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தால் கோடு கோடாகத் தெரியும். கைரேகையைப்போல ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இராது. 1868 ஆகஸ்டு 18-ஆம் தேதி முழுச் சூரிய கிரகணத்தன்று, அப்போது மதராஸ் மாகாணத்தில் இருந்த குண்டூருக்கு ஜான்சன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி வந்து, சூரியனின் விளிம்பில் எழும் சுடர்களை இப்படித்தான் பிரித்துப் பார்த்தார். அந்தச் சுடர்களில் தெரிந்த ஒரு மஞ்சள் கோடுதான் பிற்பாடு ஹீலியம் என்று பெயர் பெற்றது. பூமியில் அந்த வாயு அகப்பட்டது 1895-ல். சூரியனில் இருப்பதையே கண்டுபிடிக்கிறவர்களுக்குப் புல்லட்டில் இருப்பதைக் கண்டுபிடிக்க எத்தனை நேரம் ஆகும்?

1940-களில் அமெரிக்க ரயில்வேக்காரர்கள் டீசல் எஞ்சின்களுக்கு இந்தப் பரிசோதனையை ஆரம்பித்தார்கள். அடுத்து, 1950-களில் அந்நாட்டுக் கடற்படை விமானங்களுக்கு. எண்ணெயைப் பல ஆயிரம் டிகிரி உஷ்ணத்தில் எரித்து, வருகிற ஒளியைக் கருவி படிக்கிறது. இரும்பு என்றால் சிலிண்டரோ, கிராங்கோ, காமோ. அலுமினியம் என்றால் பிஸ்டன். குரோமியம் என்றால் ரிங். செம்பு, ஈயம், வெள்ளீயம் என்றால் புஷ், பேரிங் வகையறா. சிலிக்கான் என்றால் மணல், அதாவது தெருப்புழுதி. எல்லாம் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு.

மோட்டார் சைக்கிளில் ஒரு சிக்கல் உண்டு. இப்போது வருகிற வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு எஞ்சின், கியர்ப்பெட்டி, கிளட்ச் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். கூட்டுக் குடும்பம் மாதிரி. இரும்பு ஜாஸ்தி என்றால் யார் தேய்ந்தது என்று சொல்வது கஷ்டம். போதாததற்குக் கியர்ப் பற்கள் எண்ணெயை அரைத்து அதன் கனத்தையும் குறைத்துவிடுகின்றன. பழைய புல்லட்டில் மூன்றும் தனிக்குடித்தனம். "உங்கள் வண்டிக்கு ரிப்போர்ட் தெளிவாகவே வரும்" என்றான் மருமகன். அப்பாவின் வண்டியைப்பற்றி ஒருவர் நல்ல வார்த்தை சொன்னது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

ஜனவரியில் பாய் எண்ணெய் மாற்றியபோது, தேன் பாட்டில் ஒன்றைக் கழுவி எடுத்துப் போயிருந்தேன். "கொஞ்சம் இதில் பிடியுங்கள் பாய்."

"எதுக்குத் தம்பி?"

"வீட்டில் கதவுக் கீல் சத்தம் போடுகிறது."

ஏன் பொய் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. உங்கள் காதை நம்பாமல் பரிசோதனைக்கு அனுப்புகிறேன் என்று ஒரு மனிதரிடம் எப்படிச் சொல்லுவது? பொய் சுலபமாக இருந்தது. பாய் பாட்டிலை நிறைத்து, துணியால் துடைத்தே கொடுத்தார். தேன் பாட்டிலைப் பார்த்த மருமகன் தலையில் அடித்துக்கொண்டான். எஞ்சின் சூடாக இருக்கும்போதே இறக்கி, முதலில் விழுவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை, ஈரமில்லாத புதுச் சீசாவில் பிடிக்க வேண்டுமாம். நல்லவேளை, அந்தத் தடவை பாதகம் இல்லை. இரும்பு 38, அலுமினியம் 7, சிலிக்கான் 9. "முப்பது சொச்சம் வருஷத்து எஞ்சினுக்கு இது யோக ஜாதகம். ஆனால் ஒரு ரிப்போர்ட்டை வைத்து ஒன்றும் சொல்லக் கூடாது மாமா. ஏறுகிறதா, இறங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்" என்றான்.

ஜூனில் இரண்டாவது தடவை. பாயிடம் மறுபடியும் கதவுக் கீலைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆகவே தில்லைநகர்ப் பக்கம், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பட்டறைக்குப் போய் எண்ணெயை மாற்றிக்கொண்டு, சீசாவில் பிடித்து அனுப்பினேன். பதில் வந்தது. இரும்பு 91. அலுமினியம் 19. சிலிக்கான் 47.

அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த எஞ்சினில் இருக்கும் எண்ணெய் ஏறக்குறைய இரண்டு கிலோ. அதில் 91 பங்கு இரும்பு என்றால் ஒன்றரைக் குன்றிமணி எடை. தட்டானிடம் அவ்வளவு தங்கம் சேதாரம் போனால் நாம் முணுமுணுத்துவிட்டு விட்டுவிடுவோம். ஆனால், அப்பா உட்கார்ந்து போன வண்டி, என் கைக்கு வந்த பிறகு, ஐந்தே மாதத்தில் கரைந்திருக்கிறது.

அடுத்தபடி மனசு ஆளைத் தேடியது. யாரால்? முதலில் போலி எண்ணெயோ என்று நினைத்தேன். ஆனால் எண்ணெயில் தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கிற துத்தநாகமும் பாஸ்பரஸும் இருக்க வேண்டிய அளவு இருப்பதாக ரிப்போர்ட்டே சொல்லிவிட்டது. மருமகன் டெலிபோனில், "சமீபத்தில் எஞ்சினைப் பிரித்துச் சிலிக்கான் பசை போட்டார்களா? அதுவும் இப்படிக் காட்டும்" என்றான். பிரிக்கவில்லை. "அப்படியானால் புழுதிதான். புழுதியில் அலுமினியமும் உண்டு. பிஸ்டன் முழுக்கத் தேய்ந்துவிட்டது என்று பயப்படாதீர்கள். காற்று வடிகட்டியைப் பாருங்கள். மணல் இரும்பைவிடக் கெட்டி. எண்ணெயோடு சேர்ந்தால் சாணைக்கல்தான்." காற்று வடிகட்டியை மாற்றியது யார்? பாய்தான். மலிவுச் சரக்கை மாட்டிவிட்டார் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். கண்ணாடிக் கதவுப் பட்டறைக்காரர்களோ, எஞ்சினை முழுக்க இறக்க வேண்டும், 35,000 ரூபாய் ஆகும் என்றார்கள்.

இரண்டு நாள் கழித்து, ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பாலக்கரைக்குப் போனேன். மனசுக்குள் ஒரு வக்கீலே உட்கார்ந்திருந்தார்.

பாய் தாளை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். நான் விளக்கினேன். குறுக்கே பேசாமல் கேட்டார். "மண்ணு போகுதுன்னு சொல்லுது. சரி. எங்கேன்னு சொல்லலையா?" என்றார். பிறகு வண்டியின் பக்கத்தில் குந்தி, வடிகட்டிப் பெட்டியிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர்க் குழாயைத் தொட்டார். அது கையோடு வந்துவிட்டது. உள்ளே விரலை விட்டு எடுத்தார். விரலில் செம்மண் நிறத்தில் மெழுகு மாதிரி ஒட்டியிருந்தது. வடிகட்டியையும் கழற்றிக் காட்டினார். அசல் சரக்கு. காற்று அதன் வழியாக வந்திருந்தால்தானே அது என்ன செய்யும்?

"இங்கே ஒரு கிளிப்பு இருக்கணும் தம்பி. யார் கழற்றினது?"

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைபேசியில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, கார்புரேட்டரை நானே சுத்தம் செய்தேன். கடைசியில் அந்தக் கிளிப் உருண்டு வாசல் சாக்கடையில் விழுந்தது. ரப்பர்தான் இறுக்கமாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். இதை அவரிடம் சொன்னேன். சொல்லாமல் முடியாது, வேறு யாரும் கைவைக்கவில்லை என்று சற்று முன்தான் நானே சத்தியம் செய்திருந்தேன்.

பாய் ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவைக் கிளறி ஒரு கிளிப்பை எடுத்து மாட்டி முறுக்கினார். எழுந்திருக்கும்போது எஞ்சினுக்கு அடியில் பார்த்தார். எண்ணெய் இறக்கும் திருகின் தலையில், அளவு சேராத ஸ்பேனர் வழுக்கிய கீறல் புதிதாகப் பளபளத்தது. அதைக் கட்டைவிரலால் ஒரு தரம் தடவினார்.

"கதவுக் கீல் இப்ப சத்தம் போடுதா?" என்றார்.

எழுத்துத் தொழிலில் இருபது வருஷம் இருக்கிறேன். பதில் வரவில்லை.

பாய்க்கும் இந்தப் பரிசோதனைக்கும் சண்டை ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கருவிக்குக் கண் சின்னது. ஐந்து, எட்டு மைக்ரானுக்குமேல் பெரிய துணுக்கு அதன் பார்வையில் சரியாக விழாது. ஒரு பேரிங் திடீரென்று செதில் செதிலாக உதிர்ந்தால் ரிப்போர்ட் சாதுவாகவே வரும். அதற்குத் திருகில் காந்தம் வைத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் வடிகட்டியை அறுத்து விரித்து வெயிலில் பார்க்க வேண்டும். பாய் ஒவ்வொரு தடவையும் அதை அறுத்துத்தான் பார்க்கிறார். இத்தனை வருஷமாக அது எனக்குத் தெரியாது. நான் டீக்கடைக்குப் போய்விடுவேன். சத்தமும் டாப்பெட்தான்.

அக்டோபரில் எண்ணெய் மாற்றப் போனேன். புதுச் சீசாவை ஒளிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். "வண்டியைச் சூடாக ஓட்டிக்கிட்டு வந்தீங்கல்ல?" என்று கேட்டுக்கொண்டு, முதல் தாரையை விட்டு, நடுவில் பிடித்து மூடினார். மிச்சத்தில் ஒரு சொட்டை விரலில் தேய்த்துப் பார்த்து, "மண்ணு நின்னுடுச்சு. தேஞ்சது தேஞ்சதுதான். காலையிலே கொஞ்சம் புகை வரும். இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடட்டும், அப்புறம் போர் போட்டுக்கலாம்" என்றார். கூரியர் பையன் குலுக்கிப் பார்த்தது அந்தச் சீசாவைத்தான். எட்டு நாளில் பதில் வந்தது. சிலிக்கான் 12, இரும்பு 47.

அன்று பட்டறையில், வழக்கம்போல, "எவ்வளவு பாய்?" என்றேன். அவர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு புது நோட்டை எடுத்தார். கார்பன் வைத்து நிதானமாக எழுதினார். எஞ்சின் எண்ணெய், வடிகட்டி, கூலி. நாலாவது வரியில், ஜூன் மாதத்துக் கிளிப் ஒன்று, 20 ரூபாய். கீழே கோடு போட்டுக் கூட்டி, தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினார்.

"சரி பார்த்துக்குங்க சார்" என்றார்.