ரீப்பர் பார்த்துக் கால் வை

கூரை பார்க்க வரும் மேஸ்திரி முதலில் ஏணி கேட்பதில்லை. வீட்டுக்குள் போகிறார், விளக்கை அணைக்கச் சொல்கிறார், கதவையும் சன்னலையும் சாத்திவிட்டு இருட்டில் அண்ணாந்து நிற்கிறார். ஓடு உடைந்த இடமெல்லாம் வெயில் கம்பி கம்பியாக உள்ளே இறங்குகிறது. வாய்க்குள் எண்ணிக்கொண்டே சுவரோரமாக ஒரு சுற்று வருகிறார். வெளியே வந்து பீடி பற்றவைத்த பிறகுதான் பேச்சு.

"மேல ஏறிப் பார்த்தா பாதிதாங்க தெரியும். கீழ இருந்து பார்த்தாத்தான் முழுக் கணக்கு."

அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஆலங்கட்டி மேலிருந்து அடிக்கும்போது ஓட்டின், சிமெண்ட் சீட்டின் மேல்பக்கம் அமுங்குகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. அமுக்கத்தைத் தாங்குகிற சிமெண்டும் சுட்ட மண்ணும் இழுவைக்கு அசந்துபோகும். அதனால் மயிரிழை விரிசல் முதலில் விழுவது அடியில்தான். மேலிருந்து பார்ப்பவருக்கு ஒரு சின்னத் தழும்பு தெரிந்தால் அதிகம். அந்த விரிசல் அடுத்த மழைக்கு ஈரம் குடிக்கும், அதற்கடுத்த மழைக்கு ஒழுகும்.

ஒகேனக்கல் என்றால் வருகிறவர்களுக்கு அருவி, எண்ணெய் மசாஜ், மீன் வறுவல், பரிசல். பென்னாகரத்திலிருந்து காட்டுப் பாதையில் மலையிறங்கும் பேருந்து நேராக ஆற்றங்கரையில் கொண்டுவந்து விடுகிறது. பரிசல் ஓட்டுகிறவர், மீன் வறுக்கிறவர், எண்ணெய் தேய்க்கிறவர் இவர்களெல்லாம் குடியிருக்கும் ஊட்டமலைப் பக்கத்துக் கூரைகளை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. சித்திரையில் ஒரு கல்மழை வந்து போன பிறகு அந்தக் கூரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகிறவர் இந்த மேஸ்திரி. அவர் பின்னாலேயே நானும் போனேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கல்மழை புதிதல்ல. மார்ச் கடைசியிலிருந்து மே வரை மேட்டுநிலம் பகலெல்லாம் காய்கிறது. மாலையில் சூடான காற்று கடல் ஈரத்தையும் தூக்கிக்கொண்டு மேலே பாய்கிறது. மேகம் பல கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பும். அதன் உச்சியில் நீர்த்துளி உறைந்து, மேலேறும் காற்றால் தாங்கப்பட்டு, அடுக்கடுக்காகப் பனி சேர்த்துக்கொண்டு, காற்றால் இனித் தாங்க முடியாது என்ற எடையில் விழுகிறது. இரண்டரை சென்டிமீட்டர் கல் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். பெரிய கல் என்றால் வேகம் இன்னும் கூடும். 1888 ஏப்ரல் 30 அன்று உத்தரப்பிரதேசத்தின் மொராதாபாத் பக்கம் பெய்த ஆலங்கட்டி மழையில் 246 பேர் இறந்தார்கள். கல்மழையால் அதிக உயிர் போன நிகழ்வாக உலக வானிலை அமைப்பு இன்றுவரை அதைத்தான் பதிவில் வைத்திருக்கிறது. ஒகேனக்கல் பக்கம் விழுவது அந்த அளவுக் கல் இல்லை. ஆனால் பத்து நிமிடம் விழுந்தால் போதும், மாமரத்தில் பிஞ்சும் நிற்காது, வீட்டில் ஓடும் நிற்காது.

எந்தக் கூரை எவ்வளவு தாங்கும் என்பதில் ஒரு முரண் இருக்கிறது. கல்மழைக்கு ரொம்பவும் அசைந்துகொடுக்காதது கீற்றுக் கூரைதான். தென்னங்கீற்றோ கரும்புச் சோகையோ அடியை உள்வாங்கிக்கொள்கிறது; கல் பொதிந்து அப்படியே கரைந்துபோகும். அதற்கு எதிரி காற்றும் நெருப்பும். தகரமும் கலர் சீட்டும் நெளியும், காது கிழிகிற சத்தம் போடும், உடையாது. அடி வாங்கி உடைவது நடுவில் இருக்கும் இரண்டு: ஓடும் சிமெண்ட் சீட்டும். குடிசையிலிருந்து ஒரு படி மேலே வந்த வீடுகளின் கூரைகள் இவை.

ஓட்டு வீட்டுக்கு வருவோம். வேலை அங்கேதான் சுவாரசியமானது.

மங்களூர் ஓட்டை 1865இல் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் மங்களூரில் ஆலை வைத்து வார்க்கத் தொடங்கினார். அதுவரை இங்கே இருந்தது குயவர் சக்கரத்தில் சுற்றி இரண்டாகப் பிளந்த நாட்டு ஓடு. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகவேண்டும். மங்களூர் ஓட்டில் பள்ளமும் வரப்பும் வைத்து ஒன்றோடொன்று கொக்கி போட்டதுபோல் பூட்டிக்கொள்ளும்படி செய்தார்கள். எடை குறைந்தது, மரமும் மிச்சமானது. ரயில் நிலையம், பள்ளிக்கூடம், கச்சேரி என்று தென்னிந்தியா முழுக்கப் பரவியது. பிறகு ஊருக்கு ஊர் ஆலைகள் வந்தன, ஆளுக்கொரு அச்சு.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஒரு கம்பெனி ஓட்டின் வரப்பு இன்னொரு கம்பெனி ஓட்டின் பள்ளத்தில் சரியாக உட்காராது. அரை விரற்கடை வித்தியாசம் போதும், மழை நீர் அந்த இடுக்கில் புகுந்துவிடும். மேஸ்திரி உடைந்த ஓட்டைத் திருப்பி, முதுகில் பதிந்திருக்கும் பெயரைத் தடவிப் படிப்பது இதற்காகத்தான். அந்த ஆலை மூடி முப்பது வருஷம் ஆகியிருக்கும். அதே அச்சு வேண்டுமானால் பழைய சாமான் கடைகளில், கேரளப் பக்கம் இடித்த வீடுகளிலிருந்து வரும் லோடுகளில் தேடவேண்டும். கிடைக்காவிட்டால் முழுச் சரிவையும் மாற்றவேண்டும். முழுச் சரிவை மாற்றினால் ஓடுகளைத் தாங்கும் ரீப்பர் சட்டங்களையும் கழற்றவேண்டும். ஓட்டின் அடிக்கொக்கி எங்கே உட்காருகிறதோ அந்த இடைவெளியில்தான் ரீப்பர் அடிக்கிறார்கள், புது ஓட்டின் நீளம் வேறு. ரீப்பரைக் கழற்றினால் கைமரம் வெளியே தெரியும். கைமரத்தில் கறையான் இருக்கிறதா இல்லையா என்பது அதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. நாற்பது ஓடு உடைந்த வீட்டுக்கு நானூறு ஓட்டுச் செலவு வருவது இப்படித்தான்.

குரங்குகளையும் சொல்லவேண்டும். ஒகேனக்கல்லில் கல்மழை எப்போதோ வருகிறது, குரங்கு தினம் வருகிறது. பாதி ஓடுகள் அவற்றின் தாவலில் ஏற்கெனவே கீறல் விட்டவை என்று மேஸ்திரி சொன்னதை வீட்டுக்காரர்கள் யாரும் மறுக்கவில்லை.

ஏணி வந்தது. இறக்கும்போது முகட்டிலிருந்து கீழே, அடுக்கும்போது இறவாரத்திலிருந்து மேலே. முகட்டு ஓட்டைச் சாந்திலிருந்து பெயர்த்தெடுப்பதுதான் கடினம். அவசரப்பட்டால் நல்லதும் உடையும். மேஸ்திரி மேலே நடப்பதைப் பார்த்தால் ஓட்டின் மேல் நடப்பதாகத் தோன்றும். உண்மையில் அடியில் ரீப்பர் போகும் கோட்டை மனதில் வைத்துக்கொண்டு அதன் மேல் மட்டும் பாதத்தை வைக்கிறார். புதிதாக வந்த பையன் ஒருவன் நடுவில் கால் வைக்கப் போனான்.

"ஏய் தம்பி, ரீப்பர் பார்த்துக் கால் வை. கீழ வெங்காயக் கூடை இருக்கு, அதுல விழாத."

சிரித்தாலும் விஷயம் சிரிப்பல்ல. சிமெண்ட் சீட் கூரையில் இது உயிர்ப் பிரச்சினை. ஓட்டுக்கு அடியில் ஒரு அடிக்கு ஒரு ரீப்பர் உண்டு. ஆறு மில்லிமீட்டர் தடிமன் உள்ள சீட்டுக்கு அடியில் நான்கைந்து அடிக்கு ஒரு குழாய்தான். வெயிலில் வருஷக்கணக்காகக் காய்ந்து, கல்லடியில் கண்ணுக்குத் தெரியாமல் விரிந்த சீட் ஆள் எடையைத் தாங்காது. முறிவதற்கு முன் சத்தமும் கொடுக்காது. பலகை போட்டு நடப்பதுதான் முறை. பலகை இல்லாத இடத்தில் போல்ட் வரிசையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள், அதற்கு அடியில் குழாய் இருக்கும் என்ற நம்பிக்கையில். சீட்டைப் பூட்டுவதிலும் கைப்பழக்கம் வேண்டும்: துளை அலையின் மேட்டில் விழவேண்டும், பள்ளத்தில் விழுந்தால் தண்ணீர் நேராக வீட்டுக்குள். தார் வாஷரை இறுக்கமாக முடுக்கினால் சீட் விரியும், தளர்த்தினால் காற்று தூக்கும்.

தூசி இன்னொரு தொல்லை. பழைய சிமெண்ட் சீட்டில் இருப்பது கல்நார். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கல்நார் தொழிலாளர்களின் உடல்நலத்தைக் காக்கும் பொறுப்பு குறித்து உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் விரிவான தீர்ப்பு சொன்னது. அது ஆலைக்குள் வேலை செய்தவர்களை மனதில் வைத்துச் சொன்னது. ஊட்டமலையில் ஆக்சா பிளேடால் சீட்டை அறுக்கிறவருக்கு முகத்தில் துண்டு ஒன்றே காப்பு. நனைத்துவிட்டு அறுத்தால் தூசி பறக்காது என்பது தெரியும். ஆனால் தண்ணீர் ஊற்றினால் கோடு அழிந்துவிடுகிறது என்கிறார்கள். உடைந்த துண்டுகள் கோழிக்கூண்டுக்கும் குளியலறைத் தடுப்புக்கும் போகின்றன. வாசலில் சேறு ஆகாமலிருக்கப் பரப்பியும் போடுகிறார்கள், தினம் மிதிபட்டுப் பொடியாவதற்கு.

முழுதாக மாற்றப் பணமில்லாதவர்கள் ஒட்டுப்போடுகிறார்கள். கிழிந்த வேட்டித் துணியைச் சிமெண்ட் பாலில் நனைத்து விரிசல் மேல் விரிப்பது ஒரு வகை. தார் காய்ச்சிப் பூசுவது இன்னொரு வகை. பரிசல்காரர்கள் இரண்டாவதில் கெட்டிக்காரர்கள். மூங்கில் பட்டையை முடைந்து, முன்பு தோலும் இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் போர்த்தி, மேலே தார் பூசித்தான் பரிசலுக்குத் தண்ணீர் புகாமல் செய்கிறார்கள். ஆற்றுக்குப் போகிற தாரில் ஒரு டப்பா கூரைக்கும் போகிறது.

இனிக் கணக்கு. 300 சதுர அடி வீடு என்று வைத்துக்கொள்வோம். சரிவும் இறவாரமும் சேர்ந்தால் கூரைப் பரப்பு 400 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 37 சதுர மீட்டர். மங்களூர் ஓடு சதுர மீட்டருக்குச் சுமார் 15 பிடிக்கும். வண்டியில் உடைவதையும் சேர்த்து 600 ஓடு வாங்கவேண்டும். ஓடு 40 ரூபாய் என்றாலே 24,000. மேஸ்திரிக்கு 1,000, கையாளுக்கு 700, இரண்டு சித்தாளுக்குத் தலா 600 என்று போட்டால் ஒரு நாள் கூலி 2,900. மூன்று நாள் வேலை. மரத்தைத் தொடாமலேயே 33,000 ஆகிவிடுகிறது. சிமெண்ட் சீட் என்றால் மூன்று மீட்டர் நீளத்தில் 14 போதும். ஒன்று 1,000 ரூபாய் என்றால் 14,000. ஆனால் ஓட்டுக்குப் போட்ட மரச்சட்டம் சீட்டுக்கு அப்படியே உதவாது. குழாய் வாங்கவேண்டும், வெல்டிங் ஆள் வேண்டும்.

அரசு என்ன தருகிறது? மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் உதவி பெறத் தகுந்த இயற்கைச் சீற்றங்களின் பட்டியலில் ஆலங்கட்டி மழையும் உண்டு. 2022-23 முதல் 2025-26 வரைக்கான ஒன்றிய அரசின் விதிகளில், குறைந்தது 15 விழுக்காடு சேதமான உறுதியான வீட்டுக்கு 6,500 ரூபாய், உறுதியற்ற கட்டுமானத்துக்கு 4,000 ரூபாய், குடிசைக்கு 8,000 ரூபாய். நம் கணக்கிலுள்ள ஓட்டுக் கூரைக்கு இந்த 6,500 ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. குடிசைக்குக் கூடுதலாகக் கொடுப்பதைக் குறை சொல்லவில்லை. குடிசை போனால் முழுதாகவே போய்விடும். குறை 15 விழுக்காட்டில் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் வாசலில் நின்று படம் எடுக்கிறார். ஓட்டையாய்த் திறந்து கிடப்பதுதான் படத்தில் விழும். மேஸ்திரி இருட்டில் நின்று எண்ணிய கீறல்கள் எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை.

வீடுகளுக்கான காப்பீடு இருக்கத்தான் செய்கிறது. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியை விற்கவேண்டும் என்பது விதி. அமெரிக்காவில் கல்மழை முடிந்ததும் வீட்டுக்காரர் முதலில் கூப்பிடுவது காப்பீட்டு நிறுவனத்தை. இங்கே முதலில் கூப்பிடுவது வட்டிக்குக் கொடுப்பவரை. "நிவாரணம் வந்தாலும் கூரைக்குப் போகாதுங்க, வட்டிக்குத்தான் போகும்" என்றார் மீன் வறுக்கும் ஓர் அம்மா. ஆற்றில் நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை, குளிக்கத் தடை. சுற்றுலாக் கூட்டம் இல்லை என்றால் அவர் கடைக்கும் வருமானம் இல்லை. கோடையில் உடைந்த கூரைக்குக் காசு சேர்க்க வேண்டிய மாதங்களும், தென்மேற்குப் பருவமழையில் கர்நாடக அணைகள் நிரம்பித் தண்ணீர் வரும் மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன.

கான்கிரீட் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்பதுதான் எல்லாருடைய ஆசையும். 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரையாக இருக்கவேண்டும். 2030க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்பது இலக்கு. குடிசைவாசிகளுக்கான திட்டம் அது. ஓட்டு வீட்டுக்காரர் அந்த வரிசையில் நிற்கமுடியாது. நடுவில் மாட்டிக்கொண்டவர் இங்கேயும் அவர்தான்.

காசு இருந்தாலும் ஆள் வேண்டும். தருமபுரி மாவட்டத்தின் கட்டட வேலைக்காரர்களில் பலர் பெங்களூரில். அங்கே கான்கிரீட் வேலை. ஓடு மாற்றத் தெரிந்த கை அங்கே போய் ஷட்டரிங் பலகை அடிக்கிறது. இளையவர்கள் ஓட்டு வேலை கற்றுக்கொள்வதில்லை, அதற்குக் காரணமும் நியாயமானது: வருஷத்தில் சில வாரம் மட்டும் கிடைக்கிற வேலையை நம்பி யார் ஊரில் இருப்பார்கள்? மேஸ்திரியின் மகனே ஓசூரில் ஒரு தொழிற்சாலையில். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994இலேயே வந்துவிட்டது. மேஸ்திரியிடம் அட்டை இருக்கிறது, புதுப்பித்துப் பல வருஷமாகிறது.

கடைசியாகப் பார்த்த வீட்டில் அவர் ஒரு வழி சொன்னார். கல் மேற்கிலிருந்து அடித்திருந்ததால் மேற்குச் சரிவில்தான் அடி அதிகம். அந்தச் சரிவை முழுதாக இறக்கி, அதில் தேறும் ஓடுகளைத் தட்டிப் பார்த்துக் கணீரென்று ஒலிப்பதை மட்டும் பொறுக்கி, கிழக்குச் சரிவின் ஓட்டைகளை அடைப்பது. ஒரே அச்சு என்பதால் சரியாகப் பூட்டும். மேற்குச் சரிவுக்கு மட்டும் கலர் சீட். செலவு பாதியாகும். பார்க்க ஒருபக்கம் சிவப்பு, ஒருபக்கம் நீலமாக இருக்கும் என்று வீட்டுக்காரர் இழுத்தார்.

"ஒழுகாம இருக்கணுமா, அழகா இருக்கணுமா, சொல்லுங்க."

முன்பணம் 5,000 கைமாறியது. கையாள் பெங்களூரிலிருந்து வரும் ஞாயிறன்று வேலை தொடங்கும் என்று முடிவானது. மிச்சமாகும் ஓடுகள் யாருக்கு என்பதில் மட்டும் பேச்சு நீண்டது. குரங்கு உடைக்கும், பத்து ஓடாவது பரணில் இருக்கட்டும் என்றார் வீட்டுக்காரம்மா. ஐம்பது எனக்கு வேண்டும், கூலியில் கழித்துக்கொள்ளுங்கள் என்றார் மேஸ்திரி. பாப்பாரப்பட்டியில் ஒரு வீட்டுக்கு இதே அச்சைத்தான் ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறாராம்.