அரை மாத்திரையும் பத்துக்குப் பத்து அறையும்

வாடகைக்கு வீடு தேடுகிறவரிடம் தரகர் தவறாமல் சொல்லும் தொடர் ஒன்று உண்டு: “ரூம் பத்துக்குப் பத்து சார்.” பத்தடி நீளம், பத்தடி அகலம். உயரத்தை எவரும் கேட்பதில்லை. அதுவும் பெரும்பாலும் பத்தடிதான். ஆகவே நம்மில் பலர் ஏறத்தாழ ஒரு கனசதுரத்துக்குள் வாழ்ந்துகொண்டிருக்கிறோம். கட்டில், பீரோ, தையல் மிஷின், புத்தகங்கள் என எதைக் கொண்டுவந்தாலும் அந்தக் கனசதுரம் எப்படியாவது இடங்கொடுத்துவிடும். ஒலிக்கு மட்டும் அது எளிதில் இடங்கொடாது. அப்படிப்பட்ட அறையொன்றில் இரண்டு சிறிய ஸ்பீக்கர்களைச் சுவரில் பொருத்த நேர்ந்த அனுபவத்தை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. எங்கள் வீட்டில் இது பொழுதுபோக்கைச் சார்ந்த காரியமாக இருக்கவில்லை. 82 வயதான என் அம்மாவின் செவியைச் சார்ந்ததாக இருந்தது.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். தமிழாசிரியன் ஆனபடியால் ‘ஒலிபெருக்கி’ என்றுதான் எழுதவேண்டும். ஆனால் அச்சொல்லைக் கேட்டதும் மாரியம்மன் கோயில் வேப்பமரத்தில் கட்டிய குழாய்தான் மனக்கண்ணில் வருகிறது. ஓரடி உயரமும் ஐந்து அங்குலக் கூம்பும் கொண்ட மரப்பெட்டியை அப்பெயரால் அழைக்க மனம் ஒப்பவில்லை. எனவே ஸ்பீக்கர் என்றே எழுதுகிறேன். கடைக்காரர்கள் இவ்வகையைப் ‘புக் ஷெல்ஃப் ஸ்பீக்கர்’ என்கிறார்கள். பெயரில் மட்டுமே அலமாரி. என் அலமாரிகளில் உரையாசிரியர்களுக்கே இடம் போதாமல் இரண்டு வரிசையாக நிற்கிறார்கள். அவர்களை இறக்கிவிட்டுப் பெட்டிகளை ஏற்றுவதற்கில்லை. தரையில் தாங்கி வைத்து நிறுத்தலாமென்றால், அம்மா நான்கு கால் ஊன்றுகோலுடன் நடமாடும் வழி அது. வயர் ஒன்று குறுக்கே கிடந்தாலும் விபரீதம். எஞ்சியது சுவர்.

அம்மாவுக்குச் செவித்திறன் சில ஆண்டுகளாகவே குறைந்து வருகிறது. காது மிஷின் வாங்கித் தந்திருக்கிறோம். பகலில் அணிந்துகொள்கிறார்; மாலையில் “தலைக்குள்ள இரையுது” என்று கழற்றி வைத்துவிடுகிறார். அவருடைய கேட்கும் பொழுதோ மாலைதான். திருப்புகழும் சொற்பொழிவும் கேட்டு வளர்ந்தவர். பழைய சிறிய ரேடியோப் பெட்டியின் ஒலியை எவ்வளவு கூட்டினாலும் அவர் சொல்வது ஒன்றே: “சத்தமெல்லாம் கேக்குதுடா. சொல்லுதான் வெளங்கல.”

இந்த ஒரு வாக்கியத்தில் செவிமருத்துவத்தின் ஒரு பாடம் முழுதும் அடங்கியிருக்கிறது. முதுமையில் செவி முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வெண்களை. நம் பேச்சில் உயிரெழுத்துகளின் ஆற்றல் பெரும்பகுதி தாழ்ந்த, நடு அதிர்வெண்களில் இருக்கிறது. க், ச், ட், த், ப் என்று ஒரு மெய்யை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளங்கள் பெரிதும் 2000 ஹெர்ட்சுக்கு மேலே இருக்கின்றன. ஆகவே முதியவருக்கு உயிர் கேட்கும், மெய் நழுவும். அது போதாதென்று, தாழ்ந்த ஒலி மிகுந்தால் அது மேலேயுள்ள ஒலிகளை மூடிமறைக்கும் இயல்பும் செவிக்கு உண்டு. ஒலியளவைக் கூட்டக் கூட்ட அந்த மறைப்பும் கூடும். சத்தம் வளர்ந்து சொல் தேய்வது இதனால்தான்.

இதைப் படித்தபோது எனக்கு வகுப்பறைதான் நினைவுக்கு வந்தது. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு, மெய் அரை. மாத்திரையாவது கண்ணிமைக்கும் நேரம், அல்லது விரல் நொடிக்கும் நேரம். முதலாமாண்டு மாணவர்களிடம் விரலை நொடித்துக் காட்டி இதை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். தேர்வுக்குரிய இரண்டு மதிப்பெண் வினாவாகவே அவர்களுக்கு அது தெரியும். ஒரு வீட்டின் மாலைப்பொழுதே அந்த அரை மாத்திரையைச் சார்ந்திருக்கக்கூடும் என்பதை அம்மாவின் காதுதான் எனக்கு உணர்த்தியது.

இனி அறைக்கு வருவோம். எதிரெதிரான இரண்டு சுவர்களுக்கிடையே, அவற்றின் இடைவெளிக்கு ஏற்ற சில அதிர்வெண்கள் மட்டும் நின்று முழங்கும். பத்தடி இடைவெளிக்கு அது ஏறக்குறைய 57 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பு 114. நீள அகலங்கள் வேறுபட்டால் இந்த முழக்கங்கள் வெவ்வேறு இடங்களில் பரவி அமையும். கனசதுரத்திலோ நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அதிர்வெண்ணைப் பிடித்துக்கொண்டு முழங்குகின்றன. ஆண்குரலின் பேச்சுச் சுருதி ஏறக்குறைய 100 முதல் 130 ஹெர்ட்ஸ் வரை அமைவது சாதாரணம். சொற்பொழிவாளர் வாயைத் திறந்தவுடன் அறை அவரோடு சேர்ந்து உறுமுவதன் காரணம் இதுவே. பூச்சுச் சுவரும் டைல்ஸ் தரையும் அந்த உறுமலை உறிஞ்சுவதில்லை. மெல்லிய திரைச்சீலை உயர்ந்த ஒலியைத்தான் சற்றுக் குறைக்கும், அடி ஒலியை ஒன்றும் செய்யாது. ஓர் எழுத்தின் முழக்கம் அடங்குவதற்குள் அடுத்த இரண்டு மூன்று எழுத்துகள் வந்துவிடுகின்றன. இடையில் அரை மாத்திரைக்கு ஏது வாழ்வு?

பெட்டியைச் சுவரில் ஒட்டி வைப்பது இந்த உறுமலைக் கூட்டாதா என்ற கேள்வி நியாயமானது. கூட்டத்தான் செய்யும். தாழ்ந்த ஒலி எல்லாத் திசைகளிலும் பரவும் இயல்புடையது. பின்னே செல்வதைச் சுவர் முன்னே திருப்பிவிடுவதால் அடி ஒலி கொள்கையளவில் ஆறு டெசிபெல் வரை கூடும். ஆனால் சுவரிலிருந்து தள்ளி வைப்பதிலும் ஓர் இழப்பு உண்டு. பெட்டியின் முகம் சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர் முன்னே இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 145 ஹெர்ட்ஸ் அளவில் நேர் ஒலிக்கு எதிராக வந்து அதை அடித்துவிடும். இசையறிந்தவர்களுக்குச் சொன்னால், அது இரண்டு கட்டைச் சுருதியில் பாடுகிறவரின் ஆதார ஷட்ஜம் இருக்கும் இடம். சுவரோடு ஒட்டி, முகம் 20 சென்டிமீட்டர் மட்டுமே முன்னிருக்கும்படி அமைத்தால் அந்தப் பள்ளம் 400 ஹெர்ட்சுக்கு மேலே போய்விடும். அங்கே ஸ்பீக்கர் பின்புறம் அனுப்பும் ஒலி ஓரளவு குறைந்திருப்பதால் பள்ளத்தின் ஆழமும் குறையும். மிகுந்ததை ஆம்ப்ளிஃபயரின் பேஸ் குமிழைத் திருகிக் குறைத்துக்கொள்ளலாம். தம்முள் மோதி அழிந்ததை எந்தக் குமிழாலும் நிரப்ப முடியாது. சுவரைத் தேர்ந்ததற்கு இடநெருக்கடி ஒரு காரணம் என்றால், இது மற்றொரு காரணம்.

பெட்டியைத் தேர்வதிலும் சுவரை நினைக்க வேண்டியிருந்தது. பல ஸ்பீக்கர்களுக்கு அடி ஒலியைப் பெருக்கப் பின்புறம் ஒரு துளை இருக்கும். சுவரில் ஒட்டினால் அது மூச்சுமுட்டும். முன்புறத் துளை கொண்டதோ, துளையே இல்லாத மூடிய பெட்டியோதான் சுவருக்கு உகந்தது. சிறிய மூடிய பெட்டி என்றதும் விஷயமறிந்தவர்கள் பிபிசியின் எல்.எஸ். 3/5ஏ-வை நினைப்பார்கள். வெளிநிகழ்ச்சிகளை ஒலிபரப்பும் வண்டிகளுக்குள் ஒலியைக் கண்காணிப்பதற்காக அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் 1970களில் வடிவமைத்தது அது. உயரம் 30 சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதல். வண்டிக்குள் இடம் குறைவு. ஆனால் குரலில் பிசகு இருந்தால் உடனே தெரிந்தாக வேண்டும். நமக்கும் தேவை அவ்விரண்டுமே. விலை நமக்கு எட்டாது என்பது வேறு விஷயம். அந்த இலக்கணத்துக்குப் பொருந்துகிற எளிய பெட்டி இரண்டை வாங்கினேன். ஒன்று நான்கரைக் கிலோ.

பொருத்த வந்த எலெக்ட்ரீஷியன் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “மேல மூலையில மாட்டிரலாம் சார். ஓட்டல், கடை எல்லாம் அப்படித்தான் செய்யறது. எடம் அடைக்காது, பாக்கவும் நீட்டா இருக்கும்” என்றார். கடைக்கு அது பொருத்தமே. ஆள் தலை இடிக்காது, ஒலி எல்லாப் பக்கமும் சென்று சேரும், எவரும் எதையும் கூர்ந்து கேட்கப்போவதில்லை. ஆனால் மேல்மூலை என்பது இரண்டு சுவரும் கூரையும் சந்திக்குமிடம். சுவர் ஒன்று செய்வதை அங்கே மூன்று பரப்புகள் சேர்ந்து செய்யும். உறுமல் உச்சத்தை அடைய அதைவிட வாகான இடம் அறையில் இல்லை. மேலும், உயர்ந்த ஒலி நேர்கோட்டில் செல்வது. அதைத் தரும் சிறிய கூம்பு செவியை நோக்கி இருக்கவேண்டும். மெய்யெழுத்துகள் அங்கிருந்துதான் வருகின்றன.

துளையிடுவதற்கு முன் அம்மாவையே கேட்டுவிடுவதென்று முடிவு செய்தேன். என் மகள் தன் கைபேசியில் ஒரு சொற்பட்டியலை நிதானமாக வாசித்துப் பதிவு செய்தாள்: கட்டு, தட்டு, பட்டு, மட்டு; கடல், படல், மடல். முதலெழுத்தின் மெய்யைத் தவிர வேறெதுவும் மாறாத சொற்கள். எலெக்ட்ரீஷியன் ஏணிமேல் நின்று பெட்டியை மூலையில் பிடித்தார். அம்மா பட்டைக் கட்டு என்றார்; கடலைப் படல் என்றார். பின்பு மூலையிலிருந்து இரண்டரை அடி தள்ளி, தரையிலிருந்து நான்கடி உயரத்தில், சுவரோடு சேர்த்துப் பிடித்தோம். பேஸ் குமிழைக் குறைத்தேன். சாய்வு நாற்காலியைப் பின்சுவரிலிருந்து மூன்றரை அடி முன்னே இழுத்துப் போட்டேன். சுவரோரத்தில் முழக்கம் மிகும், அறையின் நடுப்பக்கம் அது தணியும். செவிக்கும் பெட்டிக்கும் இடையே ஆறு அடிதான். இப்போது பெரும்பாலான சொற்களை அவர் சரியாகத் திருப்பிச் சொன்னார். ‘மடல்’ வந்தபோது, “தாழம்பூவுல இருக்குமே அது” என்று பேத்திக்கு விளக்கமும் சேர்த்துச் சொன்னார். எலெக்ட்ரீஷியன் ஏணியை மடக்கிவிட்டார். “பாட்டி சொல்ற எடந்தான் சார் கரெக்ட்டு.”

வீட்டுக்காரரிடம் அனுமதி பெறவேண்டியிருந்தது. குடிவந்த நாளிலேயே “சுவத்துல ஆணி மட்டும் வேண்டாம் சார்” என்றவர் அவர். காரணத்தைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்தார். “எங்கம்மாவும் கடைசி ரெண்டு வருஷம் இப்படித்தான் இருந்தாங்க” என்றவர், காலி செய்யும்போது பட்டி பார்த்து வண்ணம் அடித்துவிட வேண்டுமென்ற நிபந்தனையோடு சம்மதித்தார்.

செங்கல் சுவர் ஆனதால் எட்டு மில்லிமீட்டர் துளை போட்டு ராவல் பிளக் இறக்கினோம். பூச்சு மட்டுமே அரை அங்குலத்துக்கு மேலிருக்கும். பிளக் அதைக் கடந்து செங்கல்லைப் பற்றவேண்டும். சுவிட்ச் போர்டுக்கு நேர்மேலே துளையிடக் கூடாது; மின்குழாய் சுவருக்குள் அவ்வழியேதான் ஏறும். முற்காலத்தில் உளியால் குழிபறித்து மரக்கட்டை அடித்து அதில் திருகாணி ஏற்றுவார்கள். சுருதிக்கும் கட்டை, சுவருக்கும் கட்டை. இரண்டும் நழுவாமல் நிற்கவேண்டியவை. பிராக்கெட்டில் முதலில் பத்துக் கிலோ அரிசிப்பையை ஓரிரவு தொங்கவிட்டோம். காலையில் அது அசையாமல் இருந்தது கண்டபின்பே பெட்டிகளை ஏற்றினோம். பிராக்கெட்டுக்கும் பெட்டிக்கும் இடையே ரப்பர்த் துண்டுகள் வைத்தோம். உயரமாக வைப்பதைத் தவிர வேறு வழியில்லாத வீடுகளில் பெட்டியைத் தலைகீழாக மாட்டிக் கீழ்நோக்கிச் சாய்த்தால் சிறிய கூம்பு செவிக்கு அருகில் வரும்.

இவ்வமைப்பில் எனக்கும் ஓர் இழப்பு இருக்கிறது. மிருதங்கத்தின் தொப்பி எழுப்பும் அந்தக் கும்காரம் எனக்கு மிகவும் பிடித்தது; பேஸ் குமிழ் குறைந்திருக்கையில் அது வற்றிப்போய்க் கேட்கிறது. “பேஸே இல்லப்பா” என்பது மகளின் தீராத குறை. இரவில் அம்மா உறங்கப் போனபின் கூடத்திலிருந்தபடி அவளும் நானும் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொள்கிறோம். பத்துக்குப் பத்து அறையில் எல்லாருடைய செவிக்கும் ஒரே சமயத்தில் இடம் போதாது. சொல் யாருக்கு அரிதாகிவிட்டதோ அவருக்கு மாலைப்பொழுது உரியது என்று எங்களுக்குள் எழுதாத ஒப்பந்தம்.

திருப்புகழ் கேட்கும்போதுதான் அந்த ஒப்பந்தத்தின் நியாயம் விளங்குகிறது. அருணகிரியாரின் சந்தம் வல்லினத்தாலும் மெல்லினத்தாலும் கட்டியது. மெய் கரைந்துவிட்டால் அங்கே எஞ்சுவது வெறும் ரீங்காரம். இப்போது அம்மா பாடகரோடு சேர்ந்து வாயசைக்கிறார். சில இடங்களில் பாடகருக்கு முன்னதாகவே அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார். எல்லாம் செவியில் விழுகிறது என்று சொல்லமாட்டேன். பாதியை நினைவு இட்டு நிரப்புகிறது. நினைவுக்கு எட்டும்படி ஒரு சொல்லின் விளிம்பாவது கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

முதியவர் உள்ள வீட்டில் ஸ்பீக்கர் மாட்ட நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். விலையையும் வாட்டையும் விசாரிப்பதற்கு முன், அவர் எங்கே அமர்ந்து கேட்கிறார் என்று பாருங்கள். பத்துச் சொற்களைப் பதிவு செய்து, பெட்டியைக் கையில் பிடித்தபடி, அவர் திருப்பிச் சொல்வதைக் கேளுங்கள். பென்சிலால் அடையாளமிடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.