பனிமலையில் முழுப்பேர்

மலைன்னா எங்கம்மாவுக்கு வெறகு. செஞ்சிப் பக்கத்துக் குன்றுகள்ல ஏறி, முள்ளு கிழிச்சு, கட்டு கட்டித் தலையில சொமந்து எறங்கினாத்தான் அன்னிக்கு அடுப்பெரியும். லீவு போட்டு, காசு செலவழித்துப் பனிமலை ஏறப் போகிறேன் என்றதும் அது கேட்டது ஒன்றுதான்: "அங்க இன்னாடி இருக்குது எடுத்தார?"

எடுத்துவர ஒன்றுமில்லை. வேலைக்காக அல்லாமல், சும்மா, ஒரு மலையில் ஏறி இறங்கும் உரிமையும் நமக்கு எழுதிவைக்கப்படாத உரிமைதான். 2014 மே 25 அன்று ஒன்றுபட்ட ஆந்திரத்தின் சமூகநல விடுதிப்பள்ளிப் பிள்ளைகள் இருவர், பழங்குடிப் பெண் மாலாவத் பூர்ணாவும் தலித் மாணவர் ஆனந்த்குமாரும், எவரெஸ்ட்டில் ஏறி நின்றார்கள். பூர்ணாவுக்கு 14 வயது நிரம்பவில்லை. அந்தச் செய்தியை எங்கள் இரவுப் பாடசாலைச் சுவரில் ஒட்டியிருந்தோம். பிள்ளைகளுக்காக ஒட்டியது எங்களை அரிக்க ஆரம்பித்தது.

2019 பிப்ரவரியில் தோழர்கள் நான்கு பேர் கிளம்பினோம். உத்தராகண்ட், உத்தரகாசி மாவட்டம், கேதார்கந்தா. உயரம் 3,810 மீட்டர். எவரெஸ்ட்டில் பாதிகூட இல்லை, இருக்கட்டும். டேராடூனிலிருந்து புரோலா, மோரி வழியாக ஒரு பகல் முழுக்க ஜீப். சாங்க்ரியிலிருந்து நடை.

வழியில் தங்கிய ஒரு வீட்டில் வீட்டுக்காரர் பேர் கேட்டார். சொன்னோம். "முழுப்பேர்?" என்றார். அங்கே ராவத், ராணா, சௌகான் என்று பேருக்குப் பின்னால் வால் உண்டு. லால், தாஸ், ராம் என்றாலும் அவர்களுக்குப் புரிந்துவிடும். எங்க பேருக்கு வால் கிடையாது, முன்னால அப்பன் பேரோட ஒரெழுத்துதான். அந்த எழுத்தை வைத்துக்கொண்டு மனுசர் தவித்த தவிப்பு பார்க்க நன்றாக இருந்தது. கடைசியில் நேராகவே கேட்டுவிட்டார். ரயில்வேயில் வேலை பார்க்கும் தோழருக்கு இந்தி தெரியும். "அம்பேத்கர் ஆளுங்க" என்றார். அதுவரை எவர்சில்வர் டம்ளரில் வந்த டீ, அடுத்த வேளை காகிதக் கப்பில் வந்தது. தனி டம்ளர் வாங்குற செலவும் மிச்சம்.

எங்கள் மூட்டை சுமக்க வந்த பையனுக்கு முதலிலிருந்தே காகிதக் கப்தான், அதுவும் வாசப்படிக்கு வெளியே. இருபது வயசிருக்கும். டோல் அடிக்கிற குடும்பம். அந்த மலைகளில் டோலும் தமாவும் முழங்காமல் சாமி பல்லக்கு நகராது. அடிக்கிறவன் நிற்பது கோயிலுக்கு வெளியே. நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ராத்திரி கூடாரத்தில், நம்ம பறை எப்படி என்று அவன் கேட்க, தோழர் காலி பிஸ்கட் டின்னில் தட்டிக் காட்டினார். ரெண்டே நிமிசத்துல அடியைப் புடிச்சுக்கிட்டான்.

பனிக்கு நம்மிடம் ஒரே சொல். மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பதும் பனி, இங்கே தேவதாரு கிளையை ஒடிப்பதும் பனி. தொல்காப்பியம் முன்பனி, பின்பனி என்று பருவம் பிரித்தது. முழங்காலை விழுங்கும் பனியை அந்தக் கணக்கில் எங்கே வைப்பது? தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி வைக்க வேண்டும். மேலே உறைந்தாலும் மூடிப்பக்கம் தண்ணீராய் இருக்கும். ஒரு குண்டான் பனியை உருக்கினால் அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் மிஞ்சும். உச்சிக்கு ராத்திரி ரெண்டு மணிக்குக் கிளம்பினோம். வெயில் ஏறினால் இறுகிய பனி இளகி ஆளை உள்ளே இழுக்கும்.

முன்னால் போகிறவர் பூட்சால் உதைத்து உதைத்துக் குழி போட வேண்டும். பின்னால் வருகிறவர்கள் அதே குழியில் மிதிக்க வேண்டும். விலகினா தொடை வரைக்கும் போகும், காலை உருவறதுக்குள்ள மூச்சு அறுந்துடும். முதுகொடிக்கும் வேலை, குழி போடுவதுதான். மூட்டையோடு அதையும் பையனே செய்தான். "எறக்குடா" என்று மூட்டையைப் பிரித்து நாலு பேரும் எடுத்துக்கொண்டோம், குழி போடுவதையும் முறை வைத்தோம். என் முறையில் முப்பது அடிக்கு மேல் முடியவில்லை. எம்.ஏ. வகுப்பில், சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல்லெடுத்துக் கனக விசயர் தலையில் ஏற்றிய கதையைப் பெருமையாக நடத்தினார்கள். கல் சுமந்த கழுத்து என்ன ஆச்சு என்று ஒரு வாத்தியாரும் கேட்டதில்லை. தோள்பட்டை வாரில் எரிந்தபோது அதுதான் ஞாபகம் வந்தது.

விடியும்போது உச்சி. சுவர்க்காரோகிணி, பந்தர்பூஞ்ச் எல்லாம் ஒவ்வொன்றாகச் சிவந்தன. அழகு என்று எழுதினால் பொய் மாதிரி இருக்கும், விட்டுவிடுகிறேன். கற்குவியலும் சூலமும் இருந்தன. எனக்குச் சாமி கிடையாது. பையன் கையுறையைக் கழற்றிவிட்டு, சூலத்தை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். உறைந்த இரும்பு தோலைப் பிடுங்கும் என்று சொல்லியும் விடவில்லை. "கீழே தொட முடியாது" என்றான், அவ்வளவுதான்.

2023 ஜனவரியில் செய்தி வந்தது. அதே மோரிப் பகுதி, சால்ரா கிராமம். கோயிலுக்குள் போன 22 வயது தலித் இளைஞரை ராத்திரி முழுக்கக் கட்டிவைத்து அடித்து, கொள்ளிக்கட்டையால் சுட்டிருக்கிறார்கள். பையனுக்குப் போன் போட்டோம். மூன்று நாள் எடுக்கவில்லை. எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் எடுத்தான். மேலே கூடாரத்தில் இருந்தானாம், சிக்னல் இல்லையாம். செய்தி அவனுக்கு நாங்கள் சொல்லித்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எந்தக் கை, எந்தக் கால்னு போட்டிருக்காங்களா அண்ணா?" என்று தோழரைக் கேட்டான்.