சாட்சி சொல்லும் நிறம்

மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்பது பழமொழி. மனித உடலில் அதற்கோர் எடுத்துக்காட்டு வேண்டுமாயின் பிட்யூட்டரிச் சுரப்பியைக் காட்டலாம். மூளையின் அடிப்புறத்தில், மண்டையோட்டு எலும்பில் அமைந்த சிறு குழியினுள், பட்டாணி அளவில் அது தங்கியிருக்கிறது. அதன் எடை ஏறத்தாழ அரை கிராம். அச்சம், காயம், நோய், கடும் உழைப்பு என எத்தகைய நெருக்கடி நேரினும், அதன் முன்பகுதியிலுள்ள ஒரு வகை உயிரணுக்கள் ஓர் இயக்குநீரைக் குருதியில் விடுகின்றன. ஏ.சி.டி.எச். என்பது அதன் சுருக்கப் பெயர். 39 அமினோ அமிலங்கள் கோத்த சிறு மாலை அது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளை அடைந்து, கார்ட்டிசாலைச் சுரக்குமாறு அது ஏவுகிறது. இடரைத் தாங்கும் வலிமை உடலுக்கு அதனால் கிட்டுகிறது.

அளவோடு சுரக்கும்வரை அது காவலன். அளவு மீறினால் அதுவே பகைவன். முகம் முழுநிலவுபோல் உருண்டு வீங்கும். உடலின் நடுப்பகுதி பருக்க, கைகால்கள் மெலியும். வயிற்றுத் தோலில் செந்நீல வரிகள் தோன்றும். எலும்பு வலுவிழக்கும்; குருதி அழுத்தம் ஏறும்; மனமும் சோரும். இத்தகைய நிலையிலிருந்த 23 வயதுப் பெண்ணொருத்தியைப் பற்றி அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1912ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் விவரித்தார். இருபது ஆண்டுகள் கழித்து, 1932இல், இதனையொத்த பன்னிருவரின் வரலாற்றைத் தொகுத்து, பிட்யூட்டரியில் தோன்றும் சிறு கட்டியே இதற்கு மூலம் என்று வாதிட்டார். நோய் அவர் பெயரையே பெற்றது.

ஆயினும் ஒரு வினா எஞ்சி நின்றது. கட்டியின் உயிரணுக்கள்தாம் அந்த இயக்குநீரை ஆக்குகின்றன என்பதற்குக் கண்கூடான சான்று யாது? அந்நாளில் சாயங்களே துணை. காரச் சாயத்தை ஏற்கும் உயிரணு, அமிலச் சாயத்தை ஏற்கும் உயிரணு என்று பகுத்தனர். ஆனால், காரச் சாயத்தை ஏற்பவற்றுள் தைராய்டை ஏவும் உயிரணுக்களும் இனப்பெருக்கச் சுரப்பிகளை ஏவும் உயிரணுக்களும் உண்டு. ஒரே சீருடை அணிந்தோர் அனைவரும் ஒரே தொழில் புரிவோர் ஆகார் அன்றோ?

சீருடையை விடுத்து ஆளையே அடையாளம் காட்டவல்ல சாட்சி எதிர்ப்பொருளே. உடலினுள் அயற்பொருள் புகுந்தால், அதனோடு மட்டும் பூட்டும் திறவுகோலும்போல் பொருந்துகின்ற புரதத்தை உடல் ஆக்குகிறது. அதன் மேல் ஒளிரும் சாயத்தை ஏற்றி, தேடும் பொருள் இருக்குமிடத்தை நுண்ணோக்கியில் காட்டலாம் என்று 1941இல் ஆல்பர்ட் கூன்சும் அவர்தம் குழுவினரும் நிறுவினர். 1966இல் நகானேயும் பியர்சும் சாயத்திற்கு மாற்றாக ஒரு நொதியைப் பிணைத்தனர். நகானே அம்முறையைக் கொண்டே பிட்யூட்டரி உயிரணுக்களை அவை ஆக்கும் இயக்குநீர் வாரியாகப் பிரித்துக் காட்டினார்.

எதிர்ப்பொருளின் பெருமையை உலகறியச் செய்த மற்றொருவர் ரோசலின் யாலோ. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் சாலமன் பெர்சனோடு அவர் உழைத்தார். இன்சுலின்மீதும் மனித உடல் எதிர்ப்பொருளை ஆக்கக்கூடும் என்ற அவர்களின் கட்டுரையை 1955இல் இதழொன்று ஏற்க மறுத்தது. எதிர்ப்பொருள் என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து விலக்கிய பின்னரே அது அச்சேறியது. எனினும், அக்கண்டுபிடிப்பின் வழியே குருதியிலுள்ள இயக்குநீரை மிக நுண்ணிய அளவிலும் அளக்கும் முறை பிறந்தது. ஏ.சி.டி.எச். அளவை அறியும் வழியை 1968இல் அவ்விருவரும் வெளியிட்டனர். பெர்சன் 1972இல் மறைந்தார். 1977இல் நோபல் பரிசு பெற்ற யாலோ, தம் பேருரையில் அந்த மறுப்புக் கடிதத்தையும் உலகின் முன் வைத்தார்.

தொடக்கத்தில் எதிர்ப்பொருள் முயல் போன்ற விலங்கின் குருதியிலிருந்தே பெறப்பட்டது. விலங்குக்கு விலங்கு தரம் மாறுபட்டது. 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் ஒரே வகை எதிர்ப்பொருளை ஓயாது ஆக்கும் உயிரணுக்களை உருவாக்கிய பின், ஒரே தரத்தில் அதனைப் பெற வழி பிறந்தது.

இன்று அறுவையில் அகற்றிய துணுக்கை மெழுகில் பதித்து, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு தடிப்பில் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டுகின்றனர். எதிர்ப்பொருளை அதன்மேல் விட்டு, பொருந்தாததைக் கழுவி நீக்குகின்றனர். இயக்குநீர் உள்ள உயிரணு பழுப்பு நிறம் கொள்ளும். உட்கருக்கள் நீலமாய் நிற்கும்.

சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்தல் அறம். ஏ.சி.டி.எச். மாலையின் முதல் 13 அமினோ அமிலங்கள், தோலின் நிறத்தைத் தூண்டும் மற்றோர் இயக்குநீரிலும் அதே வரிசையில் உள்ளன. மாலையின் எப்பகுதியைப் பற்றும் எதிர்ப்பொருள் என்று அறியாதவன் ஏமாறுவான். ஆகவேதான், நலமுள்ள பிட்யூட்டரியின் சீவலொன்றையும், எதிர்ப்பொருள் இடாத சீவலொன்றையும் உடன் வைத்துச் சோதிக்கின்றனர். முன்னது நிறம் கொள்ளாவிடினும், பின்னது நிறம் கொண்டாலும் தீர்ப்புச் செல்லாது. இன்னும் ஒன்றுண்டு. சில கட்டிகள் பழுப்பு நிறம் கொண்டும் நோயாளியின் உடலில் குஷிங் நோயின் குறி எதுவும் இராது. நிறம் இருப்பைச் சொல்லும். குருதியில் எவ்வளவு இறங்கியது என்பதைச் சொல்லாது. அதற்குக் குருதிச் சோதனை வேண்டும். நோயாளியின் சொல்லைக் கேட்கும் செவியும் வேண்டும்.

உடல் பருத்துச் சோர்ந்த பெண்ணை உண்டு கொழுத்தவள் என்றும் சோம்பேறி என்றும் பழிப்பது எளிது. வீடும் தெருவும் வழங்கும் தீர்ப்புக்குச் சான்று தேவைப்படுவதில்லை. ஆய்வுக்கூடத்துத் தகட்டிலோ, ஒரு நெல்மணி அளவும் இல்லாத கட்டியில் தோன்றும் பழுப்புப் புள்ளிகள், குற்றம் அவளுடையதன்று என்று சொல்கின்றன. அச்சாட்சியைப் பிழையறக் கேட்க இத்தனை அறிஞர்கள் உழைத்தனர். பழிப்பதற்கு முன் ஒரு நொடி பொறுத்தலோ அறிஞர் அல்லாதார்க்கும் எளிது.